புதிய தொழில்நுட்ப நிறுவனத்தில் பங்கு வாங்கும் முன்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது குடிபாலா. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதி. மாந்தோப்பும் கரும்பும் பால்மாடும் வாழ்வாக இருந்த இவ்விடத்துக்கு அண்மை ஆண்டுகளில் வேறொரு வகைப் பணம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 262 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு - சென்னை விரைவுச்சாலை இம்மண்டலத்தின் வழியே அமைகிறது. பங்காருபாளையம் முதல் குடிபாலா வரை ஒரு பகுதி, குடிபாலா முதல் வாலாஜாபேட்டை வரை மற்றொரு பகுதி என்று பணி பிரித்துக் கொடுக்கப்பட்டது. சாலைக்கு நிலம் தந்த குடும்பங்களின் கணக்குகளில் இழப்பீட்டுத் தொகை வரவாயிற்று.

அவ்வாறு தொகை பெற்ற விவசாயி ஒருவர், அறுபதைக் கடந்தவர், நிரந்தர வைப்புச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். முதிர்வுக்கு முன்பே அதை முடித்துப் பத்து லட்சம் ரூபாய் எடுக்க வேண்டும் என்றார். காரணம் கேட்டோம்.

"என் தங்கை மகன் பெங்களூருவில் கம்பெனி வைத்திருக்கிறான் சார். மாங்காய் விற்க ஒரு செயலி. பத்து லட்சம் போட்டால் நூற்றில் ஒரு பங்கு தருகிறானாம். பிற்காலத்தில் பெரிய தொகை ஆகும் என்கிறான்."

கடைசி ஆண்டின் கணக்கைப் பார்த்தீர்களா என்று வினவினோம். அவர் சற்றுத் தயங்கினார். "சொந்தப் பையனிடம் கணக்குக் கேட்பதா? தங்கை என்ன நினைப்பாள்?"

அன்று அவருடன் நாங்கள் பேசியவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே பாடமாகத் தருகிறோம். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியுள்ளோம். மருமகனின் நிறுவனத்தைப் பற்றி வரும் தொகைகள் யாவும் கணக்கை விளக்குவதற்காக நாம் அமைத்துக்கொண்டவை. இப்பாடம் பொது அறிவுக்கானது. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ தரும் ஆலோசனை அன்று.

வைப்பும் பங்கும் வேறு

வங்கியில் வைப்பு வைப்பவர் கடன் கொடுத்தவர். வட்டியும் முதலும் எப்போது வரும் என்பது சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வங்கிக்கே இடர் வந்தாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் முதலும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல் இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது.

பங்கு வாங்குபவர் கடன் கொடுத்தவர் அல்லர். தொழிலின் உடைமையாளர்களுள் ஒருவர். இலாபம் வந்தால் அதில் பாகம் உண்டு. நட்டம் வந்தால் போட்ட முதல் கரையும். நிறுவனம் கலைக்கப்படும் நாளில் கடன்காரர்கள், ஊழியர்கள், வரித்துறை என்று எல்லாரும் பெற்ற பின்னரே பங்குதாரரின் முறை வரும். பெரும்பாலும் அதற்குள் எதுவும் மிஞ்சியிராது. ஆகவே முதலாவது தெளிவு இதுதான்: பத்து லட்சமும் திரும்பாமற்போனால் வீட்டில் எது நிற்கும்? மகளின் திருமணமா, மருத்துவச் செலவா, மாதச் செலவா? இவற்றுள் ஒன்று நிற்குமானால், அடுத்து வரும் கேள்விகளுக்கே போக வேண்டியதில்லை.

ஒன்று: நிறுவனம் என்ற பெயரில் உள்ளது எது?

செயலி என்பது ஒரு பொருள். நிறுவனம் என்பது சட்டப்படியான ஓர் ஆள். நாம் பங்கு வாங்குவது நிறுவனத்தில். எனவே அது கம்பெனிகள் சட்டப்படி பதிவான தனியார் நிறுவனமா, கூட்டாண்மையா, தனிநபர் தொழிலா என்று முதலில் அறிய வேண்டும். பதிவான நிறுவனத்துக்கு 21 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் இருக்கும். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதை இட்டால், பதிவான நாள், முகவரி, இயக்குநர்கள், செலுத்தப்பட்ட மூலதனம் ஆகியவற்றைக் கட்டணமின்றிக் காணலாம். ஆண்டுக் கணக்குகளும் அங்கே தாக்கல் ஆகின்றன. சிறு கட்டணம் செலுத்தி அவற்றைப் பார்வையிடலாம்.

'அரசு அங்கீகாரம் பெற்ற புத்தொழில்' என்ற சான்றிதழைச் சிலர் காட்டுவர். ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் 2016 ஜனவரி 16 அன்று தொடங்கப்பட்டது. அதன்கீழ்க் கிடைக்கும் அங்கீகாரம் சில சலுகைகளுக்கான தகுதி மட்டுமே. தொழில் நன்றாக நடக்கிறது என்றோ, முதலீடு பாதுகாப்பானது என்றோ அரசு அதன் வழியாக உறுதி கூறுவதில்லை.

இரண்டு: காசு தருபவர் யார்? எதற்காக?

சித்தூர் மாவட்டத்தின் மாங்காயில் பெரும்பகுதி தோத்தாபுரி. நம் வீடுகளில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்குவது. அதன் பெரும் வாங்குநர் மாங்கூழ்த் தொழிற்சாலைகள். 2025 பருவத்தில் விலை சரிந்தபோது, கிலோவுக்குத் தொழிற்சாலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் என்று 12 ரூபாய்க்கு ஆந்திர அரசு ஏற்பாடு செய்ததை நம் விவசாயிகள் அறிவர். அறிவித்த 8 ரூபாய் பலருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை என்ற குறையும் எழுந்தது.

இச்சந்தையில் மருமகனின் செயலி எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது? விவசாயி நல்ல விலை கேட்கிறார். தொழிற்சாலை நேரத்துக்குச் சரக்குக் கேட்கிறது. மண்டிக்காரர் முன்பணம் தந்து விவசாயியைப் பிடித்து வைத்திருக்கிறார். கூழுக்கான ஏற்றுமதிக் கேட்பு குறைந்த ஆண்டில், செயலி எவ்வளவு அழகாக இருப்பினும் தொழிற்சாலை கூடுதல் விலை தராது. முன்பணம் வாங்கிய விவசாயி, செயலியில் ஒரு ரூபாய் கூடுதலாகக் காட்டினாலும் மண்டியை விட்டு வரமாட்டார்.

ஆகவே எத்தனை பேர் செயலியைப் பதிவிறக்கினர் என்ற எண்ணிக்கையை நம்பி முடிவு செய்யலாகாது. சென்ற பருவத்தில் எத்தனை பேர் பணம் செலுத்தினர், அவர்களுள் எத்தனை பேர் இப்பருவத்திலும் வந்தனர் என்று கேட்க வேண்டும். சலுகை கொடுத்தால் ஒரு முறை எவரும் வருவர். சலுகை நின்ற பின்னும் வருபவரே வாடிக்கையாளர். இயன்றால் அத்தகைய விவசாயிகள் நால்வரிடமும், சரக்கு வாங்கும் தொழிற்சாலை ஒன்றிடமும் நேரில் பேசிப் பாருங்கள். இந்த ஆய்வுக்குப் பட்டணத்துப் பெரிய முதலீட்டாளரைவிட நம் ஊர் விவசாயிக்குத் தகுதி கூடுதல்.

மூன்று: ஒரு டன்னில் மிஞ்சுவது என்ன?

இதுவே பாடத்தின் நடுப்பகுதி. நிறுவனம் முழுமைக்குமான கணக்கைப் பார்க்கும் முன், ஒரே ஒரு டன்னின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

செயலி 4 சதவீதத் தரகு பெறுவதாக வைத்துக்கொள்வோம். கிலோ 12 ரூபாய் என்றால் ஒரு டன் 12,000 ரூபாய். தரகு 480 ரூபாய். இனி அந்த டன்னுக்கே ஆகும் செலவு: தோட்டத்தில் தரம் பிரிக்கும் ஆளுக்கு 200, வண்டி ஏற்பாட்டுக்கு 180, எடைக்குறைவுக்கும் அழுகலுக்கும் ஈடாக 150, பணப் பரிமாற்றக் கட்டணம் 10. ஆக 540 ரூபாய். டன்னுக்கு 60 ரூபாய் நட்டம்.

"வியாபாரம் பெருகினால் சரியாகிவிடும்" என்ற விடை வரக்கூடும். 1,000 டன் விற்றால் நட்டம் 60,000. 10,000 டன் விற்றால் 6 லட்சம். அளவு பெருகப் பெருக நட்டமும் பெருகும். இத்தனைக்கும் அலுவலகச் சம்பளத்தையும் வாடகையையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை. மாங்காய் விலை கிலோ 8 ரூபாய்க்கு இறங்கும் ஆண்டில் தரகு 320 ஆகிவிடும். ஆட்கூலியும் வண்டிச் செலவும் இறங்குவதில்லை. மற்றச் செலவுகள் மாறாதிருந்தால் டன்னுக்கு நட்டம் 220 ரூபாய்.

எந்தச் செலவு அளவு கூடும்போது உண்மையிலேயே குறையும் என்று நிறுவனர் எடுத்துக் காட்ட வேண்டும். ஒரே வண்டியில் நான்கு தோட்டத்துச் சரக்கு ஏறினால் வண்டிச் செலவு குறையும். அது நியாயமான விடை. அழுகல் ஏன் குறையும் என்பதற்கு வேறு விடை வேண்டும். விடை இல்லாத இடத்தில் நம் பணம் அந்த நட்டத்தை நிரப்பவே போகிறது என்று பொருள்.

நான்கு: கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?

இலாபம் காட்டும் நிறுவனமும் கையில் ரொக்கம் இல்லாமல் மூடப்படலாம். கடன் கோரி வரும் தொழில்களைப் பார்க்கும்போது நாங்கள் முதலில் புரட்டுவது ரொக்க ஓட்டத்தைத்தான்.

செப்டம்பரில் நிறுவனத்தின் வங்கி இருப்பு 36 லட்சம் என்க. சம்பளம், வாடகை, கணினிச் சேவைக் கட்டணம் ஆகியன மாதம் 6 லட்சம். ஆண்டு வருவாய் 18 லட்சம். மாதச் சராசரி 1.5 லட்சம். ஆகவே மாதம் 4.5 லட்சமே குறைகிறது, 8 மாதம் தாங்கும் என்று நிறுவனர் எழுதிக் காட்டுகிறார். அதாவது ஏப்ரல் முடிய.

சராசரி இங்கே ஏமாற்றுகிறது. மாங்காய் வருவாய் முழுதும் கோடைப் பருவத்தின் சில மாதங்களில் வருவது. செப்டம்பரிலிருந்து காய் இல்லை, தரகும் இல்லை. மாதம் 6 லட்சம் வீதம் முழுதாகக் குறைந்தால் இருப்பு பிப்ரவரியோடு தீர்ந்துவிடும். மரம் பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் நிறுவனம் அடுத்த முதலீட்டாளரைத் தேடி அலையும். அவசரத்தில் தேடுபவருக்கு நல்ல விலை கிடைப்பதில்லை; நாம் வாங்கிய விலையைவிடக் குறைவாகவே புதிய பங்குகள் விற்கப்படும்.

ஐந்து: நூற்றில் ஒன்று என்பதன் விலை

பத்து லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால், முழு நிறுவனத்தின் மதிப்பு 10 கோடி என்று ஒப்புக்கொண்டதாகிறது. ஆண்டு வருவாய் 18 லட்சம் உள்ள நிறுவனத்துக்கு இது வருவாயைப்போல் 55 மடங்குக்கும் மேல். இதே தொகைக்கு நம் பகுதியில் எத்தனை ஏக்கர் தோப்பு வாங்கலாம், அது ஆண்டுக்கு என்ன ஈட்டும் என்று விவசாயிக்குத் தெரியும். அதே அளவுகோலால் இதையும் அளக்கலாம். புதிய பங்குகளைக் குறிப்பிட்ட சிலருக்கு ஒதுக்கும்போது பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவை. அதன் படியைக் கேட்டு வாங்கி, எதிர்கால வருவாயை எவ்வாறு கணித்தனர் என்று பாருங்கள்.

ஒரு சதவீதம் என்றும் ஒரு சதவீதமாகவே நிற்பதுமில்லை. அடுத்து வரும் முதலீட்டாளருக்கு நிறுவனம் புதிய பங்குகள் வெளியிட்டு 20 சதவீதம் தந்தால் நம் பங்கு 0.8 ஆகும். மறுமுறையும் அவ்வாறே ஆனால் 0.64. பெரிய முதலீட்டாளர்கள் வழக்கமாக முன்னுரிமைப் பங்குகள் வாங்குவர். நிறுவனம் விற்கப்பட்டால் தாம் போட்ட தொகையை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வர்.

அவ்விருமுறையிலும் சேர்த்து அவர்கள் போட்டது 6 கோடி என்போம். பின்னொரு நாள் நிறுவனம் 10 கோடிக்கு விலை போகிறது. நாம் நுழைந்தபோது இருந்த மதிப்பும் அதுவே. ஆகவே போட்டது திரும்பும் என்று நினைப்போம். முன்னுரிமைப்படி 6 கோடி அவர்களுக்குப் போகிறது. மீதம் 4 கோடியை ஏனைய 64 சதவீதத்தார் பகிர்கின்றனர். அந்த 64இல் நம்முடையது 0.64, அதாவது நூற்றில் ஒன்று. நம் கைக்கு வருவது 4 லட்சம். ஒருவரும் ஏமாற்றவில்லை, ஒப்பந்தம் அவ்வாறு இருந்தது. பங்குதாரர் ஒப்பந்தத்தைப் பட்டயக் கணக்காளரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிய பின்னரே கையெழுத்திட வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆறு: தொழில்நுட்பம் நிறுவனத்தின் உடைமையா?

கைப்பேசியில் படம் எடுத்தால் மாங்காயின் தரத்தைச் சொல்லிவிடும் என்று மருமகன் கூறுவாராயின், அதை அலுவலகத்துத் திரையில் பார்த்து வியக்க வேண்டாம். ஒரே வண்டிச் சரக்கைச் செயலியும் பார்க்கட்டும். மண்டியில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் பார்க்கட்டும். இருவரின் தரப்பட்டியலையும் ஒப்பிடுங்கள். காட்சிக்கு நன்றாக இருப்பது களத்தில் தோற்பது உண்டு.

உலகறிந்த சான்று அமெரிக்காவின் தெரனாஸ் நிறுவனம். 2003இல் தொடங்கிய அது, விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தில் பற்பல சோதனைகள் செய்வதாகக் கூறியது. முன்னாள் அமைச்சர்களே இயக்குநர் குழுவில் இருந்தனர். 2015இல் ஒரு நாளிதழ் கேள்வி எழுப்பிய பின்னரே கருவி சொன்னபடி இயங்கவில்லை என்பது வெளிவந்தது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். புகழ்பெற்றோர் பெயர் சோதனைக்கு ஈடாகாது.

உடைமையும் பார்க்கத்தக்கது. மென்பொருளை எழுதியவர் வெளியாள் எனில், அதன் உரிமை நிறுவனத்துக்கு எழுத்துமூலம் மாற்றப்பட்டதா? வணிகச் சின்னமும் இணைய முகவரியும் நிறுவனத்தின் பெயரில் உள்ளனவா, நிறுவனரின் சொந்தப் பெயரில் உள்ளனவா? நிறுவனர் விலகிச் சென்றால் நிறுவனத்தில் மிஞ்சுவது என்ன என்பதே இக்கேள்விகளின் சாரம்.

ஏழு: கணக்கு எப்போது வருகிறது? யார் தணிக்கை செய்தது?

நம் நாட்டில் இவ்விடத்தில் கற்க வேண்டியது பைஜூஸ் நிறுவனத்தின் வரலாறு. 2011இல் தொடங்கிய அக்கல்வி நிறுவனம் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையதாகக் கணிக்கப்பட்டது. ஆனால் 2020-21 நிதியாண்டின் தணிக்கைக் கணக்கு, ஆண்டு முடிந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின், 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. அதில் 4,500 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் இருந்தது. பல மாதப் பாடத்துக்கு முன்கூட்டியே வாங்கிய கட்டணத்தை எந்த ஆண்டின் வருவாயாகக் காட்டுவது என்பது அங்கே முக்கியமான கணக்குச் சிக்கலாயிற்று. 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட், கணக்குகள் தாமதமாவதைக் காட்டி விலகியது. 2024 ஜூலையில் நிறுவனம் நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்கு ஆளானது. அதில் முதலிட்டிருந்த உலகளாவிய பெரு நிறுவனமான புரோசஸ், தன் முதலீட்டின் மதிப்பை முழுவதும் கழித்து எழுதியது.

சிறு முதலீட்டாளருக்கு இதில் இரண்டு பாடங்கள். பெரிய முதலீட்டாளர் நுழைந்திருக்கிறார் என்பது நமக்கு அரண் அன்று. அவரால் அந்த இழப்பைத் தாங்க முடியும், நம்மால் முடியாது. கணக்குத் தாமதம் எழுத்தர் வேலையின் சுணக்கம் அன்று; முதல் அபாய அறிகுறி. வாங்கிய கட்டணமும் ஈட்டிய வருவாயும் ஒன்றல்ல என்பதை எந்த விவசாயியும் அறிவார். வரும் பருவத்துக் காய்க்கு இன்று வாங்கிய முன்பணத்தை அவர் இவ்வாண்டு விளைச்சலில் சேர்ப்பதில்லை.

வங்கி இருப்பை நிறுவனம் தரும் தாளில் மட்டும் பார்க்க வேண்டாம். ஐதராபாத்தின் சத்யம் நிறுவனம் 2009 ஜனவரி 7 அன்று நமக்குக் கற்பித்தது அதுவே. ஏட்டில் இருந்த 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கம் வங்கிகளில் இருக்கவே இல்லை. பன்னாட்டுத் தணிக்கைக் குழுமத்தின் கையெழுத்தும் பங்குச்சந்தைப் பட்டியலும் இருந்த நிறுவனத்திலேயே அவ்வாறு நேர்ந்தது. பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு விவரத்தைக் கேளுங்கள். சரக்கு சேவை வரித் தாக்கலில் காட்டிய விற்பனையோடு அதை ஒப்பிடுங்கள். விற்பனை என்று எழுதப்பட்டது கணக்கில் வரவாகியிருக்க வேண்டும்.

எட்டு: பணம் எவ்வாறு செல்கிறது? எவ்வாறு திரும்பும்?

தனியார் நிறுவனம் பொதுமக்களை நோக்கிப் பங்கு வாங்குமாறு அழைக்கக் கூடாது. குறிப்பிட்ட நபர்களுக்குப் பங்கு தர 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு வழி வகுக்கிறது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைப்பு விடுக்கலாகாது. தகுதிபெற்ற நிதி நிறுவனங்களும் பங்கு பெறும் ஊழியர்களும் இக்கணக்கில் சேரார். அழைப்புக் கடிதம் நம் பெயரிலேயே வர வேண்டும். பணத்தைக் காசோலை, வரைவோலை அல்லது பிற வங்கி வழியாகவே செலுத்த வேண்டும், ரொக்கம் கூடாது. அத்தொகை தனி வங்கிக் கணக்கில் இருத்தப்பட வேண்டும். 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்கப்படாவிட்டால், அடுத்த 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். தவறினால் 60ஆம் நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும்.

நிறுவனரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புமாறு எவரேனும் கூறினால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவ்வாறு அனுப்பிய தொகை பங்கு ஆகாது. கைமாற்று என்றுதான் ஏடு சொல்லும்.

மாதந்தோறும் இவ்வளவு என்று உறுதி கூறினால் இன்னும் எச்சரிக்கை தேவை. பங்குக்கு உறுதியான மாத வருவாய் கிடையாது. உறுதி கூறப்படுவது வைப்பு. அதைத் திரட்ட உரிமம் வேண்டும். ஆந்திர மக்களுக்கு அக்ரிகோல்டு என்ற பெயர் மறக்காது. நிலத்தையும் வேளாண்மையையும் காட்டிப் பல மாநிலங்களில் ஏறத்தாழ 32 லட்சம் பேரிடம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டது. சிறு தொகை இட்டவர்களுக்கு 2019இலும் 2021இலும் ஆந்திர அரசே ஒரு பகுதியை வழங்க நேர்ந்தது. இன்று அதே வாக்குறுதிகள் செயலியின் வேடத்தில் வரக்கூடும். ஐயம் எழுந்தால் ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் விசாரிக்கலாம், புகாரும் அளிக்கலாம்.

திரும்பும் வழியோ மிகக் குறுகியது. தனியார் நிறுவனப் பங்கை நினைத்த நாளில் விற்க இயலாது. பிறருக்கு மாற்றவும் கட்டுப்பாடு உண்டு. நம் மண்ணின் மிகச் சிறந்த நிறுவனங்களையே பாருங்கள். சென்னையில் 2010இல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு ஒன்று 36 டாலருக்கு வெளியிட்டது. வெற்றி பெற்ற நிறுவனத்துக்கே பதினோர் ஆண்டு. அவ்வெளியீட்டில் வாங்கியவர்களோ, அடுத்த ஆண்டே அவ்விலையில் பாதிக்கும் கீழே பங்கு இறங்கக் கண்டனர். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வெளியான பேடிஎம் பங்கு, முதல் நாளிலேயே கால் பங்குக்கு மேல் இழந்தது. 1996இல் தொடங்கிய சோஹோ வெளி முதலீடே பெறாமல் வளர்ந்தது. அதில் பணம் போட விரும்பியவருக்கும் வாய்ப்பு இல்லை. நல்ல நிறுவனம் என்பது ஒன்று. நமக்கு நல்ல முதலீடு என்பது மற்றொன்று.

விற்கும் நாள் வந்து இலாபமும் கிடைத்தால், பட்டியலிடப்படாத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தவருக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். அதற்குரிய மேல்வரிகள் தனி.

எவ்வளவு?

எட்டுக் கேள்விக்கும் நல்ல விடை வந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சும். நம் சேமிப்பில் எவ்வளவு பங்கு இதற்கு? ஈராண்டு வீட்டுச் செலவு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளுக்கான கடமை ஆகியவற்றை முதலில் ஒதுக்குங்கள். எஞ்சியதில், முழுதும் போனாலும் உறக்கம் கெடாத சிறு பகுதியே இத்தகைய முதலீட்டுக்கு உரியது. நகைக்கடன் எடுத்தோ, பயிர்க்கடனைத் திருப்பியோ இதில் இடுவது எவ்வகையிலும் தகாது. நட்டமானால் பங்கு போகும். கடனும் வட்டியும் போகா.

இவ்வளவும் கூறியதால் நம் பகுதியில் தொழில் முளைக்காது என்பது கருத்தன்று. அமெரிக்காவிலிருந்து சொந்த மாவட்டத்துக்குத் திரும்பிய கல்லா இராமச்சந்திர நாயுடு 1985இல் திருப்பதியை அடுத்துத் தொடங்கிய அமரராஜா, இன்று நாடறிந்த மின்கல நிறுவனம். உழைப்பும் துணிவும் உள்ள இளைஞர்க்கு முதல் கை கொடுப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரரே. அந்தக் கை கணக்கறிந்த கையாக இருப்பது இருவருக்கும் நன்மை.

வீட்டில் வைத்துக்கொள்ளச் சுருக்கம்

1. பதிவு எண்ணை அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்த்தோமா?
2. சென்ற ஆண்டு பணம் தந்த வாடிக்கையாளர் இவ்வாண்டும் வந்தாரா?
3. ஓர் அலகு விற்றால் மிச்சமா, குறைவா?
4. பருவமற்ற மாதங்களையும் எண்ணி, இருப்பு எத்தனை மாதம் தாங்கும்?
5. கேட்கும் மதிப்பு வருவாயைப்போல் எத்தனை மடங்கு? முன்னுரிமை உடையவர் யார்?
6. தொழில்நுட்பம் களத்தில் சோதிக்கப்பட்டதா? அது நிறுவனத்தின் பெயரில் உள்ளதா?
7. தணிக்கைக் கணக்கு உரிய காலத்தில் வந்ததா? வங்கி விவரத்தோடு பொருந்துகிறதா?
8. பணம் நிறுவனத்தின் தனிக் கணக்குக்குச் செல்கிறதா? திரும்பும் வழி என்ன?

அந்த விவசாயி மூன்று வாரம் கழித்து மீண்டும் வந்தார். வைப்புச் சீட்டு மடிக்கப்பட்டபடியே சட்டைப்பையில் இருந்தது. எட்டுக் கேள்வியையும் ஒரு தாளில் எழுதிப் பெங்களூருவுக்கே போய்க் கேட்டதாகக் கூறினார். மருமகன் முதற்கேள்விகளுக்கு உடனே விடை தந்தாராம். ஒரு டன்னின் கணக்கைப் போடச் சொன்னபோது, இருவரும் உட்கார்ந்து இரவு வரை போட்டனராம். முடிவில், "இந்தப் பருவம் போகட்டும் மாமா, வண்டிச் செலவைக் குறைத்துக் காட்டுகிறேன், அப்புறம் பார்க்கலாம்" என்று மருமகனே சொன்னாராம். வரும் பருவத்தில் தம் தோட்டத்துக் காயையே செயலி வழியாக விற்றுப் பார்க்க இவர் இசைந்திருக்கிறார்.

தங்கை வருந்தினாரா என்று கேட்டோம்.

"அவள் ஒன்றும் சொல்லவில்லை சார். பையனும் கோபிக்கவில்லை. இதுவரை எட்டுப் பேர் பணம் போட்டிருக்கிறார்களாம். கணக்கைக் காட்டு என்று கேட்ட முதல் ஆள் நான்தான் என்றான்."

வைப்பைப் புதுப்பிக்கும் படிவத்தை எடுத்துக் கொடுத்தோம்.